கப்பல் மூழ்கியது கேரளக் கடலில், இழப்பு எங்கள் கரையிலும்: ஒரு திறந்த மடல்

கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநில மீன்வளத் துறைச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

நான் தூத்தூர்ப் பகுதியில் ஆழ்கடல் படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று எட்டு ஊர்கள் சேர்ந்ததுதான் எங்கள் கரை. நீரோடியைத் தாண்டிக் கால் வைத்தால் கேரளம். எங்கள் படகுகளுக்குப் பதிவு தமிழ்நாட்டில். மீன் இறங்குவது பெரும்பாலும் கொச்சி தோப்பும்படியில். ஏலம் மலையாளத்தில் நடக்கும், வீட்டுக் கணக்கு தமிழில் இருக்கும். எங்கள் தேவாலயங்கள்கூடத் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எங்கள் தொழில் இரண்டு பக்கமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இழப்பீடு என்ற பேச்சு வரும்போதுதான் நாங்கள் எந்தப் பக்கம் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு உங்களிடம் எழுத்து வடிவில் ஒரு பதில் வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குப் பெட்டகக் கப்பல், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போகும் வழியில் ஆலப்புழைக் கடலுக்கு வெளியே மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். கப்பலோடு போனவை 640-க்கும் மேற்பட்ட பெட்டகங்கள். அவற்றில் 13 பெட்டகங்களில் அபாயகரமான சரக்கு இருந்ததாக அறிவிக்கப்பட்டது. 12 பெட்டகங்களில் இருந்தது கால்சியம் கார்பைடு. மாம்பழத்தைப் பழுக்க வைக்கக் கூடாது என்று தடை செய்திருக்கிறார்களே, அதே கார்பைடு கல்தான். தண்ணீர் பட்டால் அசெட்டிலீன் வாயு கிளம்பும், தீப்பொறி கிடைத்தால் பற்றிக்கொள்ளும். இவை போக 367 டன் ஃபர்னஸ் எண்ணெயும் 84 டன் டீசலும் இருந்தன.

நான்கைந்து நாட்களில், அந்தப் பெட்டகங்களிலிருந்து சிதறிய வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை (பிளாஸ்டிக் பொருள் செய்யும் மூலப்பொருள்) கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் ஒதுங்கத் தொடங்கியது. அப்புறம் நீரோட்டம் அதைத் தனுஷ்கோடி வரைக்கும் கொண்டுபோனது. மணலில் கலந்துவிட்ட குருணையைச் சல்லடை வைத்துப் பிரித்தவர்களில் எங்கள் ஊர்ப் பெண்களும் உண்டு. மே 29-ஆம் தேதி கேரள அரசு இதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் மீனவக் குடும்பங்களுக்கு ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் அறிவித்தது. கேரளம் விரைந்து செயல்பட்டதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே தோப்பும்படியிலிருந்து அதே கடலுக்குப் போய், மூழ்கிய கப்பலைச் சுற்றி 20 கடல் மைலுக்குள் வலை போடாதே என்ற அதே எச்சரிக்கைக்குக் கட்டுப்பட்டுத் திரும்பிய எங்கள் ஆட்கள் அந்த மாவட்டங்களின் குடும்ப அட்டையில் இல்லை.

இது நிவாரணம். நான் அதிகம் பேச நினைப்பது காப்பீட்டைப் பற்றி. ஏனென்றால் பெரிய பணம் அங்கேதான் இருக்கிறது, எங்கள் மக்களுக்குக் கொஞ்சமும் புரியாததும் அதுதான்.

கப்பலால் மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்பது சாதாரண காப்பீட்டு நிறுவனம் இல்லை. கப்பல் உரிமையாளர்களே ஒன்றுசேர்ந்து நடத்தும் சங்கங்கள் இருக்கின்றன, பி அண்ட் ஐ கிளப் என்பார்கள். இப்படி 12 பெரிய கிளப்புகள் சேர்ந்த ஒரு குழுமம் உலகக் கடல் வணிகக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்புக் காப்பீடு கொடுக்கிறது. மாசு, மீன்வள இழப்பு, மூழ்கிய கப்பலை அகற்றும் செலவு எல்லாம் இந்தக் காப்பீட்டுக்குள் வரும். கிளப்பின் விதிகளில் ஒரு நிபந்தனை உண்டு. கப்பல்காரர் முதலில் தன் கையிலிருந்து இழப்பீட்டைக் கட்ட வேண்டும், அதற்குப் பிறகு கிளப் அவருக்குத் திருப்பித் தரும். அதாவது வள்ளவிளையில் இருக்கும் ஒரு படகுக்காரர் கிளப்பை நேரடியாகக் கேட்க முடியாது. நேரடியாகக் கேட்கும் உரிமையைச் சில சர்வதேச உடன்படிக்கைகள் மட்டுமே தருகின்றன. எண்ணெய்க் கப்பலிலிருந்து சிந்தும் எண்ணெய்க்கு 1992-ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் இருக்கின்றன, அவற்றில் இந்தியா சேர்ந்திருக்கிறது. மற்றக் கப்பல்கள் தங்கள் இயந்திரத்துக்காக வைத்திருக்கும் எண்ணெய்க்குத் தனியாக ஓர் உடன்படிக்கை 2008 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ரசாயனச் சரக்குக்கு? அதற்கென்று எழுதப்பட்டதுதான் எச்என்எஸ் உடன்படிக்கை. 1996-ல் எழுதி, 2010-ல் திருத்தி, இன்னும் நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது. இந்தியா இதில் சேரவில்லை. சேர்ந்திருந்து, அது நடைமுறையிலும் இருந்திருந்தால், பெட்டகங்களில் வரும் அபாயச் சரக்குக்குக் கப்பலின் காப்பீட்டிலிருந்து கப்பலின் அளவைப் பொறுத்து 11.5 கோடி எஸ்டிஆர் வரை கேட்கலாம். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஒன்று சுமார் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அது போதாவிட்டால், ரசாயனத்தைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் நிறுவனங்கள் கட்டும் நிதியிலிருந்து மொத்தம் 25 கோடி எஸ்டிஆர் வரை கிடைக்கும். கிட்டத்தட்ட 3,000 கோடி ரூபாய். காப்பீட்டு நிறுவனத்தை மீனவர் நேரடியாக நீதிமன்றத்துக்கு இழுக்கவும் அதில் வழி உண்டு.

அது இல்லாத நிலையில் கப்பல்காரருக்குக் கைகொடுப்பது பொறுப்பு வரம்புச் சட்டம். 1976-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் அதன் 1996 திருத்தமும் சொல்வது இதுதான்: கப்பல் எவ்வளவு சேதம் செய்தது என்று பார்க்காதே, கப்பல் எவ்வளவு பெரியது என்று பார். உயிரிழப்பு, காயம் தவிர்த்த இழப்புகளுக்கு முதல் 2,000 டன்னுக்கு 15.1 லட்சம் எஸ்டிஆர், அதற்கு மேல் 30,000 டன் வரை ஒவ்வொரு டன்னுக்கும் 604 எஸ்டிஆர். 25,000 டன் கப்பல் ஒன்றுக்குப் போட்டுப் பார்த்தேன். 1 கோடியே 54 லட்சம் எஸ்டிஆர் வருகிறது, ரூபாயில் 180, 190 கோடி. ஒரு கடற்கரை முழுவதும் பாழானாலும் அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்தது, அல்லது இந்தச் சேதம் நேரும் என்று தெரிந்தும் துணிந்து செய்தது என்று நிரூபித்தால் மட்டுமே இந்த வரம்பு உடையும். அதை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் தீப்பிடித்து, ஜூன் 2-ஆம் தேதி மூழ்கியது. 1,486 பெட்டகங்கள், 25 டன் நைட்ரிக் அமிலம், அப்புறம் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை. 2023-ல் லண்டன் நீதிமன்றம் கப்பல்காரரின் பொறுப்பு 1.9 கோடி பவுண்டு என்று வரம்பு வைத்தது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஒரே விபத்து, இரண்டு தொகைகள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் நீர்கொழும்பு மீனவன் நிற்கிறான். தீர்ப்பு வாங்கவே நான்கு ஆண்டுகள் போய்விட்டன.

நம் பக்கத்தில் கேரள அரசு சும்மா இருக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு கடல்சார் நீதி அதிகாரச் சட்டத்தின் கீழ் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய், விழிஞ்ஞத்தில் நின்ற, அதே எம்எஸ்சி குழுமத்தின் எம்எஸ்சி அகிடெட்டா 2 என்ற கப்பலைத் தடுத்து வைக்க உத்தரவு வாங்கியது. கேட்ட தொகை 9,531 கோடி ரூபாய். சுற்றுச்சூழல் சேதத்துக்கு 8,626.12 கோடி, சீரமைப்புக்கு 378.48 கோடி, மீனவர் இழப்புக்கு 526.51 கோடி. செப்டம்பரில் நீதிமன்றம் கப்பலை விடுவிக்கக் கட்ட வேண்டிய பிணையை 1,227.62 கோடியாக நிர்ணயித்தது. இப்போது கேரள மீன்வளத் துறையிடம் நான் கேட்பது நேரான ஒரு கேள்வி. அந்த 526.51 கோடிக்குள், கொச்சியிலும் கொல்லத்திலும் மீன் இறக்கும் தமிழ்நாட்டுப் பதிவுப் படகுகளின் இழப்பு இருக்கிறதா, இல்லையா? இருந்தால் பட்டியலைக் காட்டுங்கள். இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள், நாங்கள் தமிழ்நாட்டின் வாசலில் நிற்கிறோம். அதே 2017 சட்டம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் இந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது.

பட்டியலைப் பற்றி இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பொறுப்பு வரம்புத் தொகையை மட்டும் வைத்து வரம்பு நிதி ஒன்று அமைந்துவிட்டால், நிரூபிக்கப்பட்ட கோரிக்கைகளின் விகிதத்தில்தான் அது பங்கிடப்படும். பட்டியலில் இல்லாதவனுக்குப் பூஜ்யம். பின்னால் வந்து நானும் அங்கேதான் இருந்தேன் என்று சொல்லிப் பயனில்லை.

பட்டியலில் விடுபட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் கரை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2012 பிப்ரவரி 15 அன்று என்ரிகா லெக்சி என்ற இத்தாலிக் கப்பலிலிருந்து சுட்டதில், செயின்ட் ஆன்டனி படகில் இருந்த இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கேரளம், ஒருவர் கன்னியாகுமரி மாவட்டம். 2021-ல் உச்ச நீதிமன்றம் 10 கோடி ரூபாயில் வழக்கை முடித்தது: இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. அதே படகில் குண்டுக்குத் தப்பிய மற்றத் தொழிலாளர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் மறுபடியும் உச்ச நீதிமன்றப் படியேறி, 2022 நவம்பரில்தான், உரிமையாளருக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து ஒன்பது பேருக்குத் தலா 5 லட்சம் என்று உத்தரவு வந்தது. பத்து ஆண்டுகள். அதுவும் உலகமே பார்த்துக்கொண்டிருந்த வழக்கில்.

இனி சான்று விஷயம். கப்பல்காரர் தரப்பில் மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் அனுபவசாலிகள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்விகளைத்தான்: விபத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இதே மாதங்களில் எவ்வளவு மீன் பிடித்தாய், என்ன விலை கிடைத்தது, செலவு போக எவ்வளவு மிஞ்சியது, இந்த ஆண்டு குறைந்ததற்குக் கப்பல்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறாய். பதில் எங்களிடம் இருக்கிறது. ஆனால் அவர்கள் எதிர்பார்க்கும் வடிவத்தில் இல்லை. ஒரு தங்கல் (பல நாள் கடல் பயணம்) முடிந்து படகு வந்தால் சூரையும் சுறாவும் கொச்சியில் ஏலம் போகும், தரகர் ஒரு சீட்டுத் தருவார். அதில் படகின் பெயர் இருக்கும், பதிவு எண் இருக்காது. டீசல், ஐஸ், அரிசி, தரகு எல்லாம் கழித்து மிச்சத்தைப் பங்கு வைப்போம். அந்தப் பங்குக் கணக்கு என்னைப் போன்றவர்களின் நோட்டில் இருக்கிறது. பங்கு வாங்கும் தொழிலாளியிடம் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. இப்போது எங்கள் படகுகளில் ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய இழப்பு எந்த மாநிலத்தின் கணக்கில் வரும்?

நான் ஓர் அலுவலகத்துக்கு இந்த நோட்டுகளையும் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். படகு எங்கே பதிவானது என்று கேட்டார்கள். சொன்னதும், அங்கே போய்ப் பாருங்கள் என்றார்கள். அங்கே போனால், மீன் எங்கே இறக்கினீர்கள் என்று கேட்டார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. இரண்டு இடத்திலும் இதை வாங்கி வைக்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். அந்த வேலையை ஒருவருக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தடைக்காலத்தையும் சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் எங்கள் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. கேரளத்தில் இழுவைமடிப் படகுகளுக்கு ஜூன் 9 இரவு தொடங்குகிறது. கப்பல் மூழ்கியது மே 25. ஆகவே எப்படியும் கரையில்தானே கிடந்திருப்பீர்கள், உங்களுக்கு ஒரு வார இழப்புதான் என்று எதிர்த் தரப்பு சொல்லும். அதற்குப் பதிலை இப்போதே எழுதி வைக்க வேண்டும். நாட்டுவள்ளங்களுக்கு அந்தத் தடை கிடையாது. மழைக்காலத்தில் சாளையும் நெத்தலியும் கரையோரம் வரும் அந்த இரண்டு மாதம்தான் அவர்களுக்கு அறுவடைக் காலம். அந்த நேரத்தில்தான் மீனில் ரசாயனம் என்ற பேச்சுப் பரவி, சந்தையில் வாங்க ஆள் குறைந்தது. தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்களுக்கு விழுந்த அடி அது. கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்களின் வலையில் குருணை வந்தது. தடை முடிந்து போன விசைப்படகுகளுக்குக் கடலடியில் கிடக்கும் பெட்டகங்களில் வலை சிக்கிக் கிழியும் ஆபத்து இன்னும் இருக்கிறது. இந்த நான்கும் நான்கு தனி இழப்புகள். ஒரே படிவத்தில் ஒரே கட்டத்தில் அடைத்தால் நான்கும் தோற்றுவிடும்.

எச்என்எஸ் உடன்படிக்கையில் இந்தியா சேர வேண்டும் என்று தலைமை இயக்குநர் அவர்கள் அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்பது என் உறுதியான வேண்டுகோள். பழைய 1958 சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய வணிகக் கப்பல் சட்டம் வந்திருக்கிறது, அதன் விதிகளை வகுக்கும்போதே இதற்கு இடம் ஒதுக்கலாம். எல்சா 3 மூழ்கிய இரண்டே வாரத்தில், ஜூன் 9 அன்று, கண்ணூர் அழீக்கல் கடலுக்கு வெளியே வான் ஹாய் 503 தீப்பிடித்தது. அதில் அபாயச் சரக்குப் பெட்டகங்கள் மட்டும் 157. நான்கு மாலுமிகள் காணாமல் போனார்கள். விழிஞ்ஞம் துறைமுகம் திறந்தாகிவிட்டது, சர்வதேசக் கப்பல் பாதை அங்கிருந்து 10 கடல் மைல். பெரிய கப்பல்கள் இனி எங்கள் வீட்டு முன்னால்தான் போகும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிற கப்பலின் காப்பீடு எங்கள் இழப்பைத் தாங்கும் அளவுக்கு இருக்கட்டும் என்கிறேன்.

எச்என்எஸ் ஒன்றே போதும் என்றும் நான் நினைக்கவில்லை. அதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. எங்கள் கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் குருணை, கடல்வழி அபாயச் சரக்கு விதித்தொகுப்பில் அபாயச் சரக்காக வகைப்படுத்தப்படவில்லை. ஆகவே அந்த உடன்படிக்கை நாளையே நடைமுறைக்கு வந்தாலும் குருணையால் வந்த இழப்பு அதற்கு வெளியேதான் நிற்கும். இலங்கை இதைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பில் எழுப்பியது. 2024-ல் அந்த அமைப்பு குருணையை எப்படிக் கட்டி, கப்பலில் எங்கே அடுக்க வேண்டும் என்று பரிந்துரை மட்டும் வெளியிட்டது, கட்டாயம் இல்லை. கொழும்பிலும் ஆலப்புழையிலும் நடந்ததைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து பேசினால் கேட்காமல் இருக்க மாட்டார்கள். மீன்பிடி எல்லை விவகாரத்தில் எத்தனையோ மனக்கசப்பு இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் இரு கரை மீனவர்களின் நலனும் ஒன்றுதான்.

இரு மாநிலச் செயலாளர்களும் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. எல்லைக் கரைக்கு ஒரு கூட்டுப் பதிவேடு தொடங்குங்கள். படகு எங்கே பதிவாகியிருக்கிறது, மீன் எங்கே இறங்குகிறது என்ற இரண்டையும் ஒரே வரியில் எழுதும் பதிவேடு. உரிமையாளர் பெயருக்குக் கீழே பங்குத் தொழிலாளிகள் அத்தனை பேருடைய பெயரும் வரட்டும், வெளிமாநிலத்தவர் உட்பட. தரகர் சீட்டையும் கணக்குப்பிள்ளை நோட்டையும் சான்றாக ஏற்கலாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். தோப்பும்படித் துறைமுகத்தில் இருக்கும் வரத்துப் பதிவோடு அவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள், பொய்க் கணக்கு அதிலேயே தெரிந்துவிடும். கோரிக்கையை எந்த அதிகாரி வாங்குவார், கடைசித் தேதி என்ன, கப்பலுக்குக் காப்பீடு கொடுத்த கிளப் எது என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலும் ஒவ்வொரு ஊர்த் தேவாலய முற்றத்திலும் ஒட்டுங்கள்.

இத்தகைய கோரிக்கைகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு கெடு. மே 2025-லிருந்து எண்ணினால் மே 2028. ஜூன், ஜூலை தடைக்காலத்தில்தான் ஆழ்கடல் ஆட்கள் அத்தனை பேரும் ஊரில் இருப்பார்கள். முகாமை அப்போது தூத்தூரில் நடத்துங்கள், படிவத்தை மே மாதமே அனுப்பிவிடுங்கள். 2022 முதல் எழுதிய நோட்டுகளையும் சீட்டுகளையும் படகு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். எட்டு ஊரிலும் என்னைப் போல் கணக்கு எழுதுகிறவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், அவர்களும் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
தூத்தூர்க் கரையிலிருந்து ஒரு படகுக் கணக்குப்பிள்ளை